பூட்டிய கதவும் கையெழுத்துத் தபாலும்

பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., வங்கி அட்டை, வக்கீல் நோட்டீஸ், முப்பதாயிரம் ரூபாய் செல்பேசி. இவற்றையெல்லாம் வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போக முடியாது. ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஓடிபி சொல்ல வேண்டும். அந்த ஒருவரோ காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார். தபால்காரர் வருவது சரியாக இடைப்பட்ட நேரத்தில். தனியாக இருப்பவர்களும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்களும் இந்தச் சிக்கலில் மாட்டாமல் இருப்பது அபூர்வம். பெரும்பாலோர் தேடும் தீர்வு தபாலை எப்படியாவது வாசலில் வைத்துப் பிடிப்பது: ஒரு நாள் லீவு, தபால்காரருக்குப் பத்து முறை போன், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கெஞ்சல். வாசலில் பிடிக்கும் இந்த முயற்சியே தவறான இடத்தில் செலவாகும் உழைப்பு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். யார் வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்ற இரண்டையும் விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாளிலேயே முடிவு செய்துவிட்டால், எப்போது வரும் என்ற கவலை பெருமளவு குறைந்துவிடும்.

தபால்காரரின் பகல்

தபால்காரரின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காலையில் தபால் பைகள் வந்து இறங்கும். தன் பீட்டுக்கு, அதாவது தான் பட்டுவாடா செய்யும் பகுதிக்கு, உரியவற்றைப் பிரித்து, தெரு வரிசைப்படி அடுக்கி, கையெழுத்துத் தபால்களை மட்டும் தனியே கணக்கேற்றிக்கொண்டு அவர் வெளியே கிளம்ப முற்பகல் ஆகிவிடும். பிற்பகலில் திரும்பி, பட்டுவாடா ஆனவற்றுக்குக் கையெழுத்தையும் ஆகாதவற்றுக்குக் காரணத்தையும் கணக்குக் காட்ட வேண்டும். ஆக, அவர் தெருவில் நடமாடும் நேரம் முழுக்க உங்கள் அலுவலக நேரத்துக்குள் விழுகிறது. இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. வீட்டில் பகலில் யாராவது இருப்பார்கள் என்று நம்பிய காலத்தில் வகுத்த முறை, இருவரும் வேலைக்குப் போகும் காலத்திலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

‘காசு கொடுத்து அனுப்புகிறார்கள், வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது அவர்கள் கடமையில்லையா?’ என்று கேட்கலாம். கொண்டு வருவது கடமைதான். காத்திருப்பது அவருடைய கடமையில் சேராது. கையெழுத்துத் தபால் அவர் கணக்கில் ஏறிய நிமிடத்திலிருந்து அது அவருடைய பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் தோளிலிருந்து இறக்கி வைப்பது உங்கள் கையெழுத்து ஒன்றுதான். அதனால்தான், ‘ஜன்னல் வழியாகப் போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று போனில் எவ்வளவு சொன்னாலும் நல்ல தபால்காரர் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்கிறவரைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முகவரிக்கு வந்ததா, ஆளுக்கு வந்ததா?

எல்லாக் கையெழுத்துத் தபாலும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாததால்தான் லீவு போட வேண்டாத இடத்தில் லீவு போடுகிறோம், போட வேண்டிய இடத்தில் கோட்டை விடுகிறோம். சாதாரண ஸ்பீடு போஸ்ட் முகவரிக்கு உரியது. அந்த வீட்டில் இருக்கும் வேறொருவர் கையெழுத்திட்டு வாங்கலாம். பழைய பதிவுத் தபால் ஆளுக்கு உரியது. உறையில் பெயர் உள்ளவரோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவரோதான் வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் வேறுபாடு மறையவில்லை. அனுப்புகிறவர் கூடுதலாக 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டி ‘பதிவு’ என்ற வசதியைச் சேர்த்தால், அந்த ஸ்பீடு போஸ்ட் ஆளுக்கு உரியதாகிவிடும். 2025 அக்டோபர் முதல் அதே கட்டணத்தில் ஓடிபி பட்டுவாடாவும் உண்டு: உங்கள் செல்பேசிக்கு வரும் எண்ணைத் தபால்காரரிடம் சொன்னால்தான் உறை கைமாறும்.

பாஸ்போர்ட் இவற்றிலெல்லாம் கறார். ஸ்பீடு போஸ்ட்டில் வந்தாலும் விண்ணப்பதாரரிடம், அதுவும் அடையாளச் சான்றைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பது இங்கே செல்லாது. வங்கி அட்டைகளைக் கொண்டுவரும் கூரியர்காரர்களும் பெரும்பாலும் பெயருக்கு உரியவரையே தேடுவார்கள். வங்கிக்கு வங்கி இது மாறும் என்பதால் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். இணையக் கடைகளின் பொருள்கள் எதிர்த்திசையில் இளக்கமானவை. அங்கே ஓடிபி யாரிடம் இருக்கிறதோ அவரே பெயருக்கு உரியவர். ஒரு தபால் வரப்போகிறது என்று தெரிந்ததும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது என் வீட்டைத் தேடி வருகிறதா, என்னைத் தேடி வருகிறதா? வீட்டைத் தேடி வந்தால் ஆள் ஏற்பாடு செய்யுங்கள். உங்களைத் தேடி வந்தால், நீங்களே போய் வாங்கத் திட்டமிடுங்கள்.

படிவத்தில் முகவரி எழுதும் நாள்

தபால் தவறிப்போவது பட்டுவாடா நாளில் என்று நினைக்கிறோம். அதற்கான விதை பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே, இ-சேவை மையத்திலோ வங்கியின் இணையப் பக்கத்திலோ முகவரியை அவசரமாக நிரப்பியபோதே விழுந்துவிடுகிறது.

1. முதலில், அந்த முகவரி மாற்றக்கூடியதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரியைத்தான் தர வேண்டும். போலீஸ் சரிபார்ப்பும் அங்கேதான் வரும். வசதிக்காக ஊரில் இருக்கும் பெற்றோர் முகவரியைக் கொடுத்துவிட்டுச் சென்னையில் உட்கார்ந்திருப்பது இரட்டைத் தொல்லை. வங்கி அட்டை, இணையத்தில் வாங்கும் பொருள் போன்றவற்றுக்குத் தொடர்பு முகவரியோ டெலிவரி முகவரியோ தனியாகத் தர இடமுண்டு. அங்கே அலுவலக முகவரியைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

2. கதவு எண்ணில் புதியது, பழையது இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். சென்னையில் இது சின்ன விஷயமில்லை. ஒரே தெருவில் ஒருவரின் புது எண் இன்னொருவரின் பழைய எண்ணாக இருக்கும். மாடி, பிளாட் எண், அடையாளம் சொல்ல ஒரு கோயிலோ பள்ளியோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. பின்கோடைச் சரிபாருங்கள். ஆறு இலக்கமும் சேர்ந்துதான் எந்தத் தபால் நிலையம் பட்டுவாடா செய்யும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கடைசி இலக்கம் ஒன்று தவறினால் உங்கள் உறை ஊரின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து வழிமாறி வந்து சேர நாள்கள் ஆகும்.

4. உங்கள் சொந்தச் செல்பேசி எண்ணைக் கொடுங்கள். இ-சேவை மையத்தில் படிவம் நிரப்பித் தருகிறவர் தன் எண்ணையோ பொது எண்ணையோ போட்டுவிடுவது உண்டு. குறுஞ்செய்தியும் ஓடிபியும் அவருக்குப் போகும். உங்களுக்கு எதுவும் தெரியாது.

5. குடியிருக்கும் வீட்டில் பெயர்ப் பலகை இல்லையென்றால் ஓர் அட்டையிலாவது பெயரெழுதி ஒட்டுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் பலர் இதைச் செய்வதில்லை. தபால்காரருக்கு வீட்டு உரிமையாளரின் பெயர்தான் தெரியும். உங்கள் பெயரைக் கேட்டால், ‘அப்படி யாரும் இல்லையே’ என்று கீழ்வீட்டில் சொல்லிவிடுவார்கள். பூட்டிய கதவை விட ஆபத்தானது இந்தப் பதில். ‘கதவு பூட்டியிருந்தது’ என்றால் உறை சில நாள் காத்திருக்கும்; ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றால் வந்த வழியே திரும்பிவிடும்.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கொடுப்பதை நிறுத்தி, ஸ்பீடு போஸ்ட்டில் மட்டுமே அனுப்புகிறார்கள். முகவரி தவறாகித் திரும்பி வந்தாலும் கையில் தருவதில்லை. சொந்த முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை நீங்கள் கொடுக்க, மறுபடியும் தபாலில்தான் வரும். ‘ஆபீசில் போய் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற பழைய குறுக்கு வழி அடைபட்டுவிட்டதால், முகவரி வரியில் செலவிடும் ஐந்து நிமிடத்துக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

யார் கையெழுத்துப் போடலாம்?

வீட்டைத் தேடி வரும் தபாலுக்கு ஓர் ஆள் வேண்டும். அலுவலகம்தான் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் நல்ல ஆள். ஆனால் எல்லா அலுவலகமும் ஒன்றில்லை. வரவேற்பு மேசையில் உள்வரவுப் பதிவேடு வைத்து, வாங்கியவர் பெயர், நேரம் எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் இடமா, அல்லது மேசை மேல் குவித்துவிட்டு ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடும் இடமா என்று பாருங்கள். இரண்டாம் வகையென்றால் வங்கி அட்டையை அங்கே வரவழைக்காதீர்கள். சில நிறுவனங்கள் ஊழியர்களின் சொந்தப் பொருள்களை வாங்குவதையே தடை செய்திருக்கின்றன. கேட்காமல் முகவரி கொடுத்தால் வாசல் காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். அலுவலக முகவரியில் உங்கள் பெயரோடு பிரிவு, தளம் இரண்டையும் எழுதுங்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் கட்டடத்தில் வெறும் ‘செந்தில்குமார்’ யாரையும் குறிக்காது.

அடுத்தது அடுக்குமாடியின் வாட்ச்மேன், பக்கத்து வீடு, கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர். இவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவைப்பதை எல்லோரும் செய்கிறோம். பழம் வாங்குவதற்கு அது போதும். ஆளுக்கு உரிய தபாலுக்குப் போதாது. மேலும் கையெழுத்து விழுந்த நொடியில் ‘பட்டுவாடா ஆயிற்று’ என்று பதிவாகிவிடும். அதற்குப் பிறகு உறை வாட்ச்மேன் அறையில் தொலைந்தால் தபால் துறையையோ கடையையோ கேட்க உங்களுக்கு வலு குறைவு. ஆகவே நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்து, எழுத்தில் அதிகாரம் கொடுத்து, அதைத் தபால் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அதற்கு ஒரு மாதிரி:

‘போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு, (தபால் நிலையம், பின்கோடு). என் பெயருக்கு மேற்கண்ட முகவரியில் வரும் ஸ்பீடு போஸ்ட், பதிவுத் தபால்களை, நான் பணி நிமித்தம் பகலில் வீட்டில் இல்லாத காரணத்தால், (பெயர், உறவு, முகவரி) என்பவரிடம் பட்டுவாடா செய்யக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய மாதிரிக் கையெழுத்து கீழே உள்ளது. இந்த அதிகாரம் (தேதி) முதல் (தேதி) வரை செல்லும். இப்படிக்கு, (பெயர், கையெழுத்து, செல்பேசி எண்).’

இருவரின் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். கடிதத்தை இரண்டு பிரதியெடுத்து ஒன்றில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத் தேதி இல்லாத அதிகாரக் கடிதத்தை யாருக்கும் எழுதித் தராதீர்கள். வீடு மாறி இரண்டு வருடம் கழித்தும் உங்கள் வங்கித் தபாலை யாரோ வாங்கிக்கொண்டிருப்பார்கள். பாஸ்போர்ட் விஷயத்தில் இந்தக் கடிதத்தை நம்ப வேண்டாம்.

உறை கிளம்பிய பிறகு

அனுப்பியாயிற்று என்ற செய்தி வந்ததும் கண்காணிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தபாலில் அது 13 குறிகள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் ஐ, என். இந்த வடிவத்தில் இல்லாத எண்ணைக் கொடுத்து ‘உங்கள் தபால் காத்திருக்கிறது’ என்று யாராவது இந்தியத் தபால் பெயரில் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

1. தினமும் காலை ஒரு முறை நிலையைப் பாருங்கள். பட்டுவாடாவுக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்டது என்று வந்தால், அதே வரியில் ஒரு தபால் நிலையத்தின் பெயர் இருக்கும். அதை எழுதிவையுங்கள். உங்கள் தெருமுனையில் உள்ள தபால் நிலையம் பட்டுவாடா செய்யாத நிலையமாக இருக்கலாம். பல சிறு நிலையங்கள் வாங்கி அனுப்புவதோடு சரி. தவறான கவுன்டரில் வரிசையில் நிற்பது இந்த விஷயத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

2. வீட்டில் யாரும் இல்லையென்றால் தபால்காரர் தகவல் சீட்டு வைத்துவிட்டுப் போவார், அல்லது குறுஞ்செய்தி வரும். சீட்டு காற்றில் பறந்திருக்கலாம். அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். நிலைப் பக்கத்தில் ‘டோர் லாக்டு’ என்றோ, தபால் நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டது என்றோ இருந்தால் அதுவே உங்களுக்கு அழைப்பு.

3. அந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். பொதுவாக 7 நாள் வரை தபால் நிலையத்தில் வைத்திருப்பார்கள். ஏழாம் நாளுக்குப் போகத் திட்டமிடாதீர்கள். நடுவில் ஒரு ஞாயிறும் ஒரு பண்டிகையும் வந்தால் உங்கள் கையில் இருப்பது நான்கைந்து நாள்தான். கூரியரில் இன்னும் குறைவு; இரண்டு மூன்று முறை வந்து பார்த்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள்.

4. கூரியர் என்றால் முதல் முயற்சி தவறிய அன்றே கிளையை அழைத்து, ‘கிளையிலேயே வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். மறுநாள் அதே பதினோரு மணிக்கு மறுபடியும் வரச் சொல்வதில் என்ன பயன்? நேற்றுப் பூட்டியிருந்த கதவு நாளையும் பூட்டித்தான் இருக்கும்.

இங்கே ஒரு மறுப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘ஒரு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்துவிட்டால் இவ்வளவு ஏற்பாடு எதற்கு?’ லீவு போடலாம், எந்த நாள் என்று தெரிந்தால். பட்டுவாடாவுக்குக் கிளம்பிய செய்தியே அன்று காலையில்தான் வருகிறது; அதற்குள் நீங்கள் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். முந்தைய நாள் கணித்து லீவு போட்டால், மழையாலோ பீட் மாற்றத்தாலோ உறை ஒரு நாள் தள்ளிப்போகும். கவுன்டரில் போய் வாங்குவது இதற்கு நேர்மாறு. உறை எங்கே இருக்கிறது என்பது உறுதி, எத்தனை நாள் இருக்கும் என்பதும் ஏறக்குறைய உறுதி, நேரத்தைத் தேர்வு செய்வது நீங்கள். ஒரு மணி நேர பர்மிஷனில் முடியும் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

கவுன்டரில் நிற்கும்போது

அசல் அடையாள அட்டையும் ஒரு நகலும், தகவல் சீட்டு இருந்தால் அதுவும், கண்காணிப்பு எண்ணும் கையில் இருக்கட்டும். உறையில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயரோ இனிஷியலோ மாறியவர்கள் இரண்டையும் இணைக்கும் ஓர் ஆவணத்தை எடுத்துச் செல்வது நல்லது. எந்த நேரம் போவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. முற்பகல் நடுவில் போனால் உங்கள் உறையை மறுபடியும் பீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கலாம். தபால்காரர்கள் கிளம்பும் முன் காலையில் போங்கள், அல்லது அவர்கள் திரும்பிக் கணக்குக் கொடுத்த பின் மாலையில் போங்கள். கவுன்டர் மூடும் நேரம் நிலையத்துக்கு நிலையம் வேறு. ஒருமுறை நேரில் பார்த்துக் குறித்துவைத்தால் வருடக்கணக்கில் உதவும்.

கையெழுத்துப் போடும் முன் உறையைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் கிழிந்து மறுபடி ஒட்டியதுபோல் இருக்கிறதா? ரசீதுச் சீட்டில் பதிவான எடைக்கும் கையில் உள்ள எடைக்கும் பெரிய வித்தியாசம் தெரிகிறதா? சந்தேகம் இருந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘உறை கிழிந்த நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால், பிரிப்பதை ஆரம்பம் முதல் இடைவெளியில்லாமல் செல்பேசியில் படமெடுங்கள். செல்பேசிக்குப் பதில் சோப்புக் கட்டி வந்தது என்று பிறகு சொன்னால், படம் இல்லாத வாயை யாரும் நம்ப மாட்டார்கள்.

வாங்காமல் விட்டால் தப்பிக்கலாமா?

வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொள்வதும், ‘வீட்டில் இல்லை’ என்று சொல்லச் சொல்வதும் நம் ஊரில் பழைய தந்திரம். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. ஒன்றுமே செய்யாமல் இருந்தாலே உறை திரும்பிப் போய்விடும். ஆனால் சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும். காசோலை திரும்பிய வழக்குகளில் இது அடிக்கடி சோதிக்கப்பட்டது. 1999இல் கே. பாஸ்கரன் வழக்கில், யாரும் கேட்டு வாங்காமல் திரும்பி வந்த நோட்டீசையும் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்றும், இல்லையென்று காட்டும் சுமை பெற வேண்டியவருடையது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில், நோட்டீஸ் கிடைக்கவே இல்லை என்கிறவர் நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டலாம், கட்டாதவர் நோட்டீஸ் முறையாகச் சேரவில்லை என்று வாதாட முடியாது என்று தெளிவாக்கியது.

‘அப்படியானால் உண்மையிலேயே அலுவலகத்தில் இருந்தவர் கதி?’ என்ற கேள்வி நியாயமானது. நீதிமன்றம் உங்கள் விளக்கத்தைக் கேட்கும். ஆனால் விளக்க வேண்டிய இடத்தில் நிற்கப்போவது நீங்கள். காசோலை விஷயத்தில் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் உண்டு. கையில் வாங்கிப் படித்தவருக்கு அந்த 15 நாளும் பயன்படும். வாங்காதவருக்கு அவை தெரியாமலே கழியும். எனவே பெயர் தெரியாத அனுப்புநரிடமிருந்து வந்த உறை என்றாலும் மறுக்காதீர்கள். உறையின் மேல் ‘மறுத்தார்’ என்று எழுதப்படுவதைப் போல் உங்களுக்கு எதிரான சாட்சி வேறில்லை. வாங்கிய தேதியையும் நேரத்தையும் கையெழுத்தின் கீழே நீங்களே எழுதுங்கள். கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்ற சண்டை வந்தால் அந்த ஒரு வரி உதவும்.

பாதுகாப்பு: போலி அழைப்புகள்

தபாலுக்காகக் காத்திருக்கும் மனம் எளிதில் ஏமாறும். அதிலும் அலுவலகக் கூட்டத்தின் நடுவே செல்பேசியைப் பார்க்கிறவர் யோசிக்காமல் அழுத்திவிடுவார். ‘முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் நிறுத்தப்பட்டது, இந்த இணைப்பில் 5 ரூபாய் கட்டுங்கள்’ என்ற வகைக் குறுஞ்செய்திகள் நாடெங்கும் சுற்றுகின்றன. கேட்பது ஐந்து ரூபாய். குறி உங்கள் அட்டை விவரம். உறை வீட்டைத் தேடி வராதபோது நாம் செய்ய வேண்டியது நேரில் போவதுதான் என்று ஏற்கனவே முடிவு செய்திருந்தால், இந்தச் செய்திக்கு உங்களிடம் வேலையே இல்லை. கவுன்டரில் வாங்கும் திட்டத்துக்கு இப்படி ஒரு பாதுகாப்பும் உண்டு.

ஓடிபி விஷயத்தில் ஒரே விதி: பொருளை நீங்களோ நீங்கள் நியமித்தவரோ கண்ணால் பார்த்த பிறகுதான் எண். ‘சார், வாசலில் நிற்கிறேன், ஓடிபி சொல்லுங்கள்’ என்று அலுவலக நேரத்தில் அழைப்பு வந்தால், வீட்டில் இருப்பவரிடம் போன் போட்டு பொருள் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால் அவரிடம் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். குறுஞ்செய்தியையும் முழுதாகப் படிக்க வேண்டும். டெலிவரிக்கான எண் என்று நினைத்து வங்கிப் பரிவர்த்தனைக்கான எண்ணைச் சொன்னவர்கள் உண்டு. நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது ஓர் எண்ணை டயல் செய்யச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும் தந்திரம் அது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

திரும்பிப் போய்விட்டால்

அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் உறை திரும்பிப் போகலாம். பாஸ்போர்ட் என்றால் அது அனுப்பிய மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போகும்; 1800-258-1800 என்ற எண்ணில் கோப்பு எண்ணைச் சொல்லி நிலையைக் கேட்டுக்கொண்டு, அடையாளச் சான்றோடு அந்த அலுவலகத்தை அணுகுங்கள். கடன் அட்டை என்றால் கொஞ்சம் வேகம் காட்ட வேண்டும். வழங்கிய நாளிலிருந்து 30 நாளுக்கு மேல் அட்டை செயல்படுத்தப்படாமல் இருந்தால், வங்கி ஓடிபி வழியாக உங்கள் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் 7 வேலை நாளுக்குள் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி. அட்டை கூரியரில் அலைந்துகொண்டிருக்கும் நாள்களும் அந்தக் கணக்கில் சேரும்.

யாருமே வராமல் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று பதிவாகியிருந்தால் அது வேறு கதை. அன்று வீட்டில் ஆள் இருந்தார் என்றால், நிலைப் பக்கத்தில் உள்ள நேரத்தைப் படமெடுத்து, முதலில் போஸ்ட்மாஸ்டரிடம் எழுத்தில் கொடுங்கள். பிறகு 1800-266-6868 என்ற எண்ணிலோ தபால் துறை இணையதளத்திலோ புகாரைப் பதியுங்கள். போனில் கத்துவதை விட, கண்காணிப்பு எண்ணும் தேதியும் நேரமும் உள்ள மூன்று வரிப் புகாருக்கு வலு அதிகம். ஆனால் உறை இன்னும் நிலையத்தில் இருக்கும்போது முதலில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு புகார் எழுதுங்கள். இந்த வரிசையை மாற்றிக்கொண்டு, நியாயம் கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில் உறையைத் தொலைக்க வேண்டாம்.

வார நாளில் ஒரு மணி நேரம்கூட ஒழியாதவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டாம் சனிக்கிழமையும் நான்காம் சனிக்கிழமையும் வங்கிகளுக்குத்தான் விடுமுறை. தபால் நிலையம் திறந்திருக்கும்.